தொட்டிலில் கிடந்த கேள்வித்தாள்

மாப்பிள்ளைக்கு வயசு இருபத்தொன்பது. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். உத்தியோகம், சட்டக் கல்லூரியில் வாத்தியார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி, மிக்சர் எல்லாம் முடிந்து, பெண்ணின் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"தம்பி, காலேஜ்ல என்ன பாடமுங்க எடுக்கறீங்க?"

"குடும்பச் சட்டமுங்க."

பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, நம்மவர் அவசரமாக ஒட்டுப் போட்டார். "குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமும் எடுக்கறேனுங்க!"

"அப்படின்னா... மொதல்ல புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு உடுவீங்க. அப்புறம் புள்ளையப் பிரிச்சுக் குடுப்பீங்க. அப்படித்தானுங்களே?"

அந்தச் சம்பந்தம் தகையவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர் இதைச் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேற ஊர்க்காரன் சிரிச்சா சரி. நீங்க சிரிக்கலாமுங்களா? இந்தப் பாடத்துக்குக் கேள்வித்தாள் தயார் பண்ணுனதே நம்ம சேலம் ஜில்லாதானுங்க" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

*

சேலம் என்றால் மாம்பழம், ஜவ்வரிசி, இரும்பாலை. அதோடு வெள்ளிக் கொலுசு. செவ்வாப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டறை பட்டறையாகக் கொலுசு தட்டி நாடு பூராவும் அனுப்புகிறார்கள். எந்த ஊர்ப் பெண் குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடந்தாலும், அந்தச் சலங்கைச் சத்தத்தில் சேலத்துக்கு ஒரு பங்கு உண்டு.

அந்தச் சேலத்தில் 1991-ல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது, ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். இயற்கையை அதன் போக்கில் விட்டிருந்தால் 950-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். நாட்டிலேயே ரொம்ப மோசமான மாவட்டங்களின் வரிசையில் சேலம். (அப்போது நாமக்கல்லும் சேலத்துக்குள்தான். தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரியில். ஆகவே நாமக்கல் நண்பர்கள் 'அது உங்க ஊர் கணக்கு' என்று நழுவ முடியாது!)

மீதிப் பெண் குழந்தைகள் எங்கே போனார்கள் என்று ஊருக்குத் தெரியும். மருத்துவச்சிக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்து ரெஜிஸ்டருக்கும் தெரியும். பிறந்து சில நாளில் இறந்துபோன பெண் சிசுக்களுக்கு எதிரே, இறப்புக் காரணம் என்ற கட்டத்தில், 'சமூகக் காரணங்கள்' என்று எழுதி வைத்தார்கள். ஆபீஸில் ஃபைல் எழுதுகிற நமக்கு இந்த வார்த்தையின் சாமர்த்தியம் புரியும். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வி.பி.ஆத்ரேயா என்ற பொருளாதாரப் பேராசிரியரும் இப்படிப்பட்ட சுகாதார நிலையப் பதிவேடுகளைத்தான் மாநிலம் முழுக்கப் புரட்டினார்கள். எந்தெந்த வட்டாரத்தில் பெண் சிசுக் கொலை அடர்ந்து கிடக்கிறது என்று 1997-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் கட்டுரை எழுதினார்கள். குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது போலீஸ் நாய் இல்லை, குமாஸ்தா எழுதிய ரெஜிஸ்டர்.

அதற்கு முன்பே, 1992-ல், அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார். விஷயம் ரொம்ப எளிமை. 'கொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் அரசாங்கத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள். யார் என்று கேட்க மாட்டோம்.' இரண்டு வருஷம் கழித்து பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தபோது தமிழ்நாடே தியேட்டரில் அழுதது. சேலத்துக்காரர்கள் கொஞ்சம் நெளிந்துகொண்டே அழுதார்கள்.

திட்டத்தைத் திட்டியவர்களும் உண்டு. 'பெத்தவன் பொறுப்பை அரசாங்கம் ஏன் சுமக்கணும்? இது குழந்தையைக் கைவிடச் சொல்லி ஊக்கம் கொடுக்கறதாகாதா?' என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனாலும் கள்ளிப்பாலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே நிற்கிற மூணு நாள் குழந்தைக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. என் ஓட்டு தொட்டிலுக்குத்தான்.

*

சரி, குழந்தை தொட்டிலுக்கு வந்துவிட்டது. பிழைத்துவிட்டது. இனிமேல்தான் வேடிக்கை.

அந்தக் குழந்தை சட்டப்படி யார்?

நண்பர் முதல் வகுப்பிலேயே இதைத்தான் கேட்பாராம். 'அனாதை' என்று பையன்கள் கத்துவார்களாம். தப்பு. அப்பா அம்மா செத்திருந்தால்தான் அனாதை. இதற்கு இருவருமே எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள், ஒருவேளை அடுத்த பஸ்ஸில் ஆத்தூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1992-ல் நடைமுறையில் இருந்தது 1986-ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம். அதன் ஆங்கிலத்தில் இந்தக் குழந்தைக்குப் பெயர் 'நெக்லெக்டெட் ஜுவனைல்'. அதாவது கவனிப்பாரற்ற சிறார். பிறந்து நாலு நாள்தான், அதற்குள் பட்டம்!

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் சென்னை மாகாணம் இந்தியாவுக்கே முன்னோடி. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் முதன்முதலில் வந்தது இங்கேதான், 1920-ல். வங்காளமும் பம்பாயும் பின்னால்தான் வந்தன.

அடுத்த சிக்கல், தத்து. இங்கே மதம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி இந்துக்கள் தத்து எடுக்கலாம். அதிலும் கணக்கு உண்டு. வீட்டில் மகனோ மகன் வழிப் பேரனோ இருந்தால் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண்ணை எடுக்க முடியாது. கல்யாணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்கவே முடியாது, புருஷன்தான் எடுக்க வேண்டும், மனைவி சம்மதம் மட்டும் கொடுக்கலாம். இந்த அநியாயம் நீங்க 2010 வரை ஆயிற்று. சட்டத்தின் அடிமனசில் இருந்தது, 'குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும்' என்பதில்லை. 'வீட்டுக்கு ஒரு வாரிசு வேண்டும்' என்பதுதான்.

முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்றால்? அவர்கள் 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தில் குழந்தைக்குப் பாதுகாவலர் ஆகலாம். அப்பா அம்மா ஆக முடியாது. குழந்தை மேஜர் ஆன அன்றைக்கே அந்தச் சட்ட உறவு முடிந்தது. பதினெட்டு வருஷம் சோறூட்டி, ஸ்கூல் ஃபீஸ் கட்டி, காய்ச்சலுக்குக் கண் விழித்த பிறகு, அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் வாரிசு உரிமை இல்லை.

தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு என்ன மதம்? அதன் நெற்றியில் எழுதியிருக்கிறதா? பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையை இந்துவாக வளர்த்தால் அது இந்து என்று 1962-ல் ஒரு திருத்தம் போட்டு வைத்திருந்தார்கள். மதம் வேறுபாடின்றி யாரும் தத்தெடுக்கலாம் என்று 1972-லும் 1980-லும் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவந்தார்கள். இரண்டும் கரை சேரவில்லை.

ஆக, 1992-ல் சேலம் தொட்டில் கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் முழு விடை இல்லை. அந்த விடையை எழுதியவர்களில் வக்கீல்கள் உண்டு, நீதிபதிகள் உண்டு. பெயர் அதிகம் வெளியே வராத இன்னொரு கூட்டமும் உண்டு. சாக்பீஸ் தூசியோடு வீட்டுக்குப் போகிற வாத்தியார்கள்.

*

முதலில் சொல்ல வேண்டியவர் லோதிகா சர்க்கார். 1923-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் முதல் பெண் ஆசிரியர். இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. அதில் அவரும் ஒரு உறுப்பினர். 'கமிட்டியா? காபி குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள்' என்று நினைப்பீர்கள். இவர்கள் கலையவில்லை. 1974-ல் முடித்த 'டுவர்ட்ஸ் ஈக்வாலிட்டி' அறிக்கை, நாட்டை ஒரு உலுக்கு உலுக்கியது. 1901-ல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971-ல் 930-ஆகக் குறைந்துவிட்டது என்பதை எடுத்து முன்னால் வைத்தது அந்த அறிக்கைதான். சேலத்துக்கு 849 என்ற மார்க் வருவதற்குப் பதினேழு வருஷம் முந்திய எச்சரிக்கை மணி அது. நாம் அலாரத்தைத் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டோம்.

லோதிகாவின் இன்னொரு காரியம். போலீஸ் ஸ்டேஷனில் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பழங்குடிச் சிறுமியின் வழக்கில் போலீஸ்காரர்களை சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. 1979-ல் நாலு சட்ட ஆசிரியர்கள் சேர்ந்து தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், கூடவே லோதிகா சர்க்கார். அந்தக் கடிதம் கிளப்பிய புயலில் 1983-ல் சட்டமே திருத்தப்பட்டது. 'புரொஃபசர்னா சும்மா லெக்சர் அடிக்கறவர்' என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைச் சொல்லுங்கள். அவர் 2013-ல் காலமானார்.

கடிதம் என்றதும் இன்னொன்று. லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல், வெளிநாட்டுக்குத் தத்துப் போகிற குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984-ல் நீதிபதி பகவதி விதிமுறைகளை வகுத்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான், இன்று தத்து என்றாலே நாம் போய் நிற்க வேண்டிய 'காரா' என்ற மத்திய அமைப்பு.

பெங்களூர் தேசியச் சட்டக் கல்லூரியில் குழந்தையும் சட்டமும் என்றே தனி மையம் 1996-ல் தொடங்கினார்கள். அதே வருஷம் ஆஷா பாஜ்பாய் தத்துச் சட்டமும் குழந்தைக்கான நீதியும் பற்றிப் புத்தகம் எழுதினார். பிற்பாடு மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த அவர் எழுதிய 'சைல்ட் ரைட்ஸ் இன் இந்தியா' இன்றைக்கும் இந்தத் துறைக்குள் நுழைகிறவர் கையில் இருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்து வேத் குமாரி சிறார் நீதியையே தன் வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்டார். அவர் புத்தகத்தின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும். சிறார் நீதி முறை, தயவிலிருந்து உரிமைக்கு.

தயவு, உரிமை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தயவு என்றால் கொடுக்கிறவர் மனசு மாறினால் நின்றுவிடும். உரிமை என்றால் கொடுக்காதவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

*

"அதெல்லாம் சரி ஸார், மாசக் கடைசியில் நமக்கெதுக்கு இது?" என்று டிபன் பாக்ஸை மூடப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும்.

குழந்தை பேரில் ரிசர்வ் பேங்க் பத்திரம் வாங்க ஒரு அம்மா விண்ணப்பம் போட்டார். கார்டியன் என்ற இடத்தில் அம்மாவே கையெழுத்து. 'அப்பா கையெழுத்து எங்கே?' என்று திருப்பி அனுப்பினார்கள். இந்து மைனர் சட்டத்தில் 'அப்பா, அவருக்குப் பிறகு அம்மா' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா எழுத்தாளர் கீதா ஹரிஹரன், கோயம்புத்தூரில் பிறந்தவர். விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனார். 'பிறகு' என்றால் அப்பா செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அப்பா கவனிக்காத நிலையிலும் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு வார்த்தை! குடும்பச் சட்டம் என்பது டைவர்ஸ் மட்டுமில்லை. பேங்க் ஃபாரத்தில், ஸ்கூல் அட்மிஷனில், பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் அது உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். உங்கள் செக்ஷனிலேயே ஒருவர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஈரோடு, கோயம்புத்தூர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக் களைத்தவர். ஒருநாள் அவருக்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, ஒரு கொழந்தை இருக்குதுங்க. மலையில பொறந்தது. பர்த் சர்ட்டிபிகேட்டெல்லாம் உங்க பேர்லயே ரெடி பண்ணிக் குடுத்துருவாங்க..."

கற்பனை இல்லை. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் போனில் பேசியதாகச் சொல்லப்பட்ட ஆடியோ வெளியாகி, தமிழ்நாடே பதறியது. ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா என்று பார்த்து விலை. பிறப்புச் சான்றிதழுக்குத் தனி ரேட். கொல்லிமலைப் பக்கத்து ஏழைத் தாய்மார்களின் பெயர்கள் அடிபட்டன. கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.-க்குப் போனது.

முட்டைக்கு நாமக்கல் விலை என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். குழந்தைக்கும் ஒரு விலை என்றால் அடிவயிறு கலங்குகிறது.

அந்த செக்ஷன் நண்பர் கெட்டவர் இல்லை. ஆசைப்பட்டவர். ஆனால் 2015-ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம். ஜெயிலைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பத்து வருஷம் கழித்து யாராவது ஒருவர் மொட்டைக் கடிதம் போட்டால், 'அப்பா' என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தையை ஒரே நாளில் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் போலி சர்ட்டிபிகேட் அதைக் காப்பாற்றாது.

நேர் வழி நீளம்தான். காரா இணையதளத்தில் பதிவு, வீட்டுக்கு வந்து விசாரணை, அப்புறம் வரிசை. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தம்பதி என்றால் கல்யாணமாகி இரண்டு வருஷமாவது நல்லபடியாகக் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். (பிரம்மச்சாரி வாசகர்கள் கவனத்துக்கு... தனி ஆணாகவும் தத்தெடுக்கலாம், ஆனால் பெண் குழந்தையை எடுக்க முடியாது.) மதம் ஒரு தடையில்லை. ஷப்னம் ஹாஷ்மி என்ற அம்மையார் தொடுத்த வழக்கில், எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தில் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்துவிட்டது. பாராளுமன்றத்தில் இரண்டு தடவை மூழ்கிய மசோதாவின் ஆசை, சிறார் நீதிச் சட்டத்தின் வழியாகக் கரையேறியது. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் மாவட்ட கலெக்டர். முன்பு இதற்குக் கோர்ட் படியேற வேண்டும்.

*

நண்பருக்குப் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை. அறுபது நாள்.

தொட்டிலில் யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டுப் போனால் அது 'கைவிடப்பட்ட குழந்தை'. தாயே வந்து, குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் 'ஒப்படைக்கப்பட்ட குழந்தை'. இரண்டாவது வகைக்குச் சட்டம் அறுபது நாள் அவகாசம் கொடுக்கிறது. அதற்குள் அந்தத் தாய் மனசு மாறித் திரும்பி வந்து குழந்தையைக் கேட்கலாம். அதுவரை அந்தக் குழந்தையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது.

"பாருங்க... சட்டம்னா கல்லுன்னு சொல்றோம். பெத்தவ வயிறு ரெண்டு மாசம் கழிச்சும் இழுக்கும்னு யாரோ யோசிச்சு எழுதியிருக்காங்க. இதை நடத்தும்போது கடைசி பெஞ்சுகூட அமைதியாயிடுமுங்க" என்றார்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். குழந்தையைக் கைவிட்டால் ஏழு வருஷம் வரை ஜெயில் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவு மிரட்டியது. அந்தக் குற்றம் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆனால் பெற்றவர்கள் தங்கள் கையில் இல்லாத சூழ்நிலையால் கைவிட்டார்கள் என்று தெரிந்தால், அதை வேண்டுமென்றே செய்ததாகக் கருதக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. மூணாவதும் பெண்ணாகிவிட்டது என்று மாமியார் வீட்டில் அடி வாங்கிவிட்டு, விடியற்காலையில் முக்காட்டோடு தொட்டிலைத் தேடி வருகிறவளுக்காக எழுதப்பட்ட வரி அது. அப்படி ஒரு வரி இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது? கிராம நர்ஸுக்கே தெரியாவிட்டால்? ஸ்டேஷன் ரைட்டருக்கே தெரியாவிட்டால்?

அதனால்தான் இந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் கேட்பது எனக்குப் புரிகிறது... 'சம்பளம் எவ்வளவு ஸார்?' சொல்லிவிடுகிறேன். சட்டப் படிப்பு முடித்து எல்.எல்.எம்., பிறகு நெட் தேர்வு அல்லது பிஎச்.டி. ஏழாவது சம்பளக் கமிஷனை ஒட்டிய யு.ஜி.சி. அளவில் உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரியில் இதை எதிர்பார்த்து வீட்டு லோன் போட்டுவிடாதீர்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று அரசு சட்டக் கல்லூரிகளே இருக்கின்றன. குடும்பச் சட்டம் எல்லாச் சட்டக் கல்லூரியிலும் கட்டாயப் பாடம். ஆனால் பையன்களின் கண் கம்பெனி சட்டத்தில், கிரிமினல் பிராக்டீஸில். "ஃபேமிலி லா நோட்ஸ் மட்டும் ஜெராக்ஸ் போதுங்க ஸார்" என்பது நண்பர் அடிக்கடி கேட்கிற வசனம்.

(அவருக்கு அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் வீட்டில் 'லெக்சரர்' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாராம்.)

*

2001-ல் சேலம் 851. பத்து வருஷத்தில் இரண்டே இரண்டு மார்க் கூடுதல். தனி மாவட்டமான நாமக்கல் 889. 2001-ல் தொட்டில் திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கும் நீட்டினார்கள். 2011-ல் சேலம், நாமக்கல் இரண்டுமே 910-ஐத் தாண்டின. மாநில சராசரியோ 943. தேறிவிட்டோம், ஆனால் கிளாஸில் இன்னும் பின் வரிசைதான். கொல்வது குறைந்ததா, அல்லது ஸ்கேன் சென்டரிலேயே காரியம் முடிகிறதா என்ற சந்தேகமும் கூடவே இருக்கிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்ததே அதற்காகத்தான்.

நண்பர் இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பது வேறொரு கேள்விக்கு.

1992-ல் சேலம் தொட்டிலில் கிடந்த பெண்ணுக்கு இன்றைக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. அவள் எங்கோ டாக்டராக, டீச்சராக, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக இருக்கலாம். ஒருநாள் அவளுக்குத் தோன்றுகிறது. 'என்னைப் பெத்தவ யாரு?' அதே 1992 டிசம்பரில்தான் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. கூடுமானவரை தன் பெற்றோர் யார் என்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அதன் ஏழாவது ஷரத்து சொல்கிறது. தொட்டிலோ, 'யார் என்று கேட்க மாட்டோம்' என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தது. இரண்டும் ஒரே வருஷத்து வாக்கு!

சேலத்துக்கு எட்டு வருஷம் கழித்து, 2000-ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இதே மாதிரி குழந்தைப் பெட்டி வைத்தார்கள். அவர்களும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் 2014-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாய் வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கலாம். நிஜப் பெயர் உறையில் சீலிடப்பட்டு அரசாங்கத்திடம் இருக்கும். குழந்தை பதினாறு வயதில் கேட்டால் பிரித்துப் பார்க்கலாம், தாய்க்கு ஆபத்து என்றால் கோர்ட் தடுக்கலாம். பிரான்ஸில் தாய் பெயரே சொல்லாமல் பிரசவிக்க முடியும். அதை எதிர்த்து ஒரு மகள் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்கு வழக்குப் போட்டு 2003-ல் தோற்றாள்.

நம் ஊர் விதிப்படி, தத்துப் பிள்ளை பதினெட்டு வயசுக்குப் பிறகு தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்த தாய் ரகசியம் வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள் சம்மதம் தேவை. யாரும் பார்க்காதபோது தொட்டிலில் விட்டுப் போனவளிடம் சம்மதம் கேட்க, அவள் பெயர்கூட ஃபைலில் இருக்காது. தேதியும் எடையும் இருந்தாலே பெரிசு.

போன செமஸ்டரில் நண்பர் இதை வகுப்பில் வைத்து, "ஃபைலைக் காட்டலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றாராம். முக்கால்வாசி வகுப்பு கை தூக்கியது. 'கண்டிப்பா காட்டணும் ஸார், அது அவளோட உரிமை' என்று முன் வரிசையில் ஒரு பையன் மேஜையைத் தட்டிப் பேசினான்.

பின்னால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கை தூக்கவில்லை. எடப்பாடிப் பக்கத்துப் பெண். எழுந்து நின்று, "ஸார், அந்தம்மாவுக்கு இப்ப அம்பது வயசு இருக்கும். வீட்ல புருஷன், மருமகன், பேரன்னு இருப்பாங்க. இவ போயி கதவத் தட்டுனா கதவத் தொறக்கறது யாருங்க ஸார்?" என்று கேட்டாளாம்.

"என்ன பதில் சொன்னீங்க?" என்றேன்.

"பெல் அடிச்சிருச்சுங்க" என்றார் நண்பர்.